தினமும் டூல்பாக்ஸ் டாக் நடத்தியும் கைக்காயம் குறையவில்லை

டூல்பாக்ஸ் டாக், அதாவது வேலை தொடங்கும் முன் நடத்தும் பாதுகாப்புப் பேச்சின் நேரத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். ஐந்து நிமிடம் போதும். அன்றைய வேலையில் உள்ள ஒரே ஓர் ஆபத்தை, அந்த மெஷின் பக்கத்திலேயே நின்று பேசுங்கள்.

இருபது நிமிடம் பேசியும் கிரைண்டரில் (உலோகத்தைத் தேய்க்கும் மெஷினில்) கை கிழிவது நிற்கவில்லை, எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தலையாட்டல்தான் காரணமாக இருக்கும். தாளைப் பார்த்து நீங்கள் மட்டுமே பேசுகிறீர்கள். "கவனமாக இருங்கள்" என்ற சொல் யார் மனதிலும் பதியாது.

நாளை இப்படிச் செய்து பாருங்கள்:

1. பிளக்கைக் கழற்றிவிட்டு, கிரைண்டரை ஓட்டுபவரையே பேசச் சொல்லுங்கள். கார்டு (டிஸ்க்கை மறைக்கும் பாதுகாப்பு மூடி) சரியாக இருக்கிறதா? டிஸ்க்கில் அச்சிட்ட அதிகபட்ச ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற வேகம்), மெஷினின் ஆர்பிஎம்மைவிடக் குறைவாக இருக்கிறதா? குறைவென்றால் அந்த டிஸ்க்கை மாட்டவே கூடாது, வெடித்துச் சிதறும்.

2. "நேற்று எங்கே நூலிழையில் தப்பினீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். முதல் சில நாள் மௌனமாகத்தான் இருப்பார்கள். பேசியவரைத் திட்டிவிடாதீர்கள், அதன்பின் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு மணி நேரம் கழித்து யாராவது இருவரிடம் காலையில் பேசியது என்னவென்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் தவறு அவர்களுடையதல்ல, நீங்கள் பேசும் முறையை மாற்றுங்கள்.

ஒன்று மட்டும்: கார்டு இல்லாத மெஷினைப் பேச்சால் சரிசெய்ய முடியாது. அதை முதலில் நிறுத்துங்கள். கைக்காயம் என்றதும் எல்லோருக்கும் கையுறை கொடுத்துவிடவும் வேண்டாம்; டிரில்லிங் மெஷின் போலச் சுழல்பவற்றில் கையுறை சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.