புரை ஏறினால் யார் நினைக்கிறார்கள்?

கேள்வி: சாப்பிடும்போது புரை ஏறினால் "யாரோ உன்னை நினைக்கிறாங்க" என்கிறார் பாட்டி. "நினைச்சா எதுக்கு இருமல் வருது?" என்று கேட்கிறான் என் 7 வயது மகன். அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

என் மகளும் அந்த வயதில் இதையேதான் கேட்டாள். ரசம் சாதத்தை வாயில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடக் கதை சொல்லிச் சிரித்ததில் ரசம் மூக்கு வரை வந்துவிட்டது. அம்மா ஓடிவந்து உச்சந்தலையில் தட்டி, "அத்தை நினைக்கிறாடி" என்றார்.

இருமல் அடங்கியதும் அவள் விரலை அவள் தொண்டை மேலேயே வைத்து, "எச்சில் முழுங்கு" என்றேன். உள்ளே ஒரு முடிச்சு ஏறி இறங்கியது. அதுதான் குரல்வளை. "இப்ப மூச்சு விட்டுக்கிட்டே முழுங்கு பார்க்கலாம்." முகம் கோணியதுதான் மிச்சம். யாராலும் முடியாது.

அப்புறம் சொல்வது சுலபமாகிவிட்டது. சோறும் காற்றும் தொண்டையில் ஒரே வழியாகத்தான் இறங்குகின்றன. கொஞ்சம் கீழே வழி பிரிகிறது: முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். ஆக, ஒவ்வொரு கவளமும் மூச்சுக்குழாயின் வாசலைத் தாண்டித்தான் வயிற்றுக்குப் போக வேண்டும். (வீடு கட்டும் கொத்தனார் இப்படி வழி வைத்தால் சண்டைக்குப் போவோம்.) அதனால் விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறுகிறது, அதன் மேலிருக்கும் இலை மாதிரியான மூடி சாய்ந்து வாசலை மறைக்கிறது, உள்ளே குரல் நாண்களும் ஒட்டிக்கொள்கின்றன. மூச்சு நிற்கிறது. சோறு பின்பக்கம் வழுக்கிப் போனதும் வாசல் திறந்துவிடும். மொத்தமும் ஏறக்குறைய ஒரு நொடி வேலை.

பேச, சிரிக்க காற்று வெளியே வர வேண்டுமே, அப்போது வாசல் திறந்துதான் இருக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு பருக்கை உள்ளே நுழைந்தால் உடம்பு சும்மா விடுமா? இருமி வெளியே தள்ளுகிறது. புரை ஏறுவது இதுதான்.

"அப்ப அத்தை நினைக்கலையா?" என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

பாட்டியிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: தலையில் தட்டுவதால் ஒன்றும் ஆகாது, காப்பாற்றுவது இருமல்தான். இருமுகிற பிள்ளையை இரும விடுங்கள், தண்ணீர் அப்புறம் கொடுக்கலாம். ஆனால் இருமவோ பேசவோ முடியாமல் திணறினால் அது அடைப்பு. உடனே முன்பக்கம் குனியவைத்து, முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். வீட்டில் இன்னும் சின்னக் குழந்தை இருந்தால் முழு வேர்க்கடலையைக் கையில் கொடுக்காதீர்கள்.