மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார்?

கேள்வி: திருகோணமலையில் நடந்த சதுரங்கப் போட்டியின் முதற்சுற்றில், 12 வயதான என் மகளுக்கு அவளைவிட 400 ரேட்டிங் (திறன் மதிப்பீட்டு) புள்ளி கூடிய பெரியவர் ஒருவர் எதிராளியாக வந்தார். ஒரு கோட்டையை இழந்த பிறகும் விட்டுக்கொடுக்காமல் கடைசிவரை ஆடித்தான் தோற்றாள். ஆட்டத்தின் நடுவே அவர் மூன்று தடவை "இன்னுமா ஆடப்போகிறாய்?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. பிள்ளையை அவரிடம் மன்னிப்புக் கேட்க வைத்தேன். தோல்வியை மரியாதையாக ஒப்புக்கொள்ள அவளுக்கு எப்படிப் பழக்குவது?
- ஒரு தந்தை, உப்புவெளி

பதில்: பழக்காதீர்கள். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவர் அந்தப் பெரியவர். ஆட்டத்தின்போது எதிராளியை எந்த வகையிலும் தொந்தரவு செய்யக்கூடாது என்பது சர்வதேச சதுரங்கச் சம்மேளனத்தின் விதி. தோல்வியை ஒப்புக்கொள்வதோ ஆடுபவரின் உரிமை. அதைக் கேட்டு வாங்க எவருக்கும் அதிகாரம் இல்லை.

400 புள்ளி இடைவெளி என்றால், சம்மேளனத்தின் கணக்குப்படி 100 ஆட்டத்தில் உங்கள் மகளுக்கு 8 ஆட்டப் புள்ளி (வெற்றிக்கு ஒன்று, சமநிலைக்கு அரை) கிடைக்கலாம். அந்த எட்டும் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் இப்படி "முடிந்துவிட்ட" ஆட்டங்களிலிருந்துதான். வெல்கிறவர் அவசரப்பட்டால் ஸ்டேல்மேட் ஆகும்; அதாவது, எதிராளியின் ராஜாவுக்கு 'செக்' இல்லாமலே அவருக்கு நகர்த்த வழியில்லாமல் போய், ஆட்டம் சமநிலையில் முடியும். ஒரு பிஷப்பும் (மூலைவிட்டமாக நகரும் காய்) ஓரச் சிப்பாயும் கூடுதலாக இருந்தாலும், சிப்பாய் ராணியாகும் மூலைக்கட்டம் அந்த பிஷப் நடக்கும் நிறத்தில் இல்லையென்றால், எதிராளியின் ராஜா அந்த மூலையில் போய் நின்றே சமநிலை செய்துவிடும். ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பெரிய ஆட்டக்காரர்களும் சறுக்கியிருக்கிறார்கள். 1902இல் மொண்டி கார்லோ போட்டியில் கியோர்க் மார்கோ என்ற வீரர், போப்பியல் என்பவருக்கு எதிராகத் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். பலகையில் அவருக்கு வெல்லும் நகர்வு இருந்தது! தேர்ந்த வீரருக்கே அப்படியென்றால், 12 வயதுப் பிள்ளையிடம் "தோற்றுவிட்டாய், எழும்பு" என்று சொல்ல நாம் யார்?

கோட்டை ஒன்று கூடுதலாக உள்ள ஆட்டத்தைப் பலமான ஒருவர் எப்படி வென்று முடிக்கிறார் என்பதை அவள் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது. பெரியவருக்குரிய மரியாதை, தொடங்கும்போதும் முடியும்போதும் கைகொடுப்பதில் இருக்கிறது. அதை அவள் செய்தாளா என்று மட்டும் கேளுங்கள்.

இன்றிரவே அவளிடம், "நான்தான் பிழை விட்டேன்" என்று சொல்லுங்கள். இனி யாராவது அப்படிக் கேட்டால், பதில் பேசாமல் மணிக்கூட்டை நிறுத்திவிட்டு நடுவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். விதி அதற்கு இடம் தருகிறது.