முட்டிக்கு பிஆர்பி ஊசி போட்டும் வலி போகல, கிளினிக் மேல கேஸ் போடலாமா?

கேள்வி (சுருக்கமா): அம்மாவுக்கு 61 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம். இன்ஸ்டாகிராம் ரீல் பாத்து கோயம்புத்தூர்ல ஒரு கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போனோம். ஆபரேஷன் வேண்டாம், உங்க ரத்தத்துலேர்ந்தே எடுத்து ஊசியா போட்டா (அதுதான் பிஆர்பி) தேஞ்ச ஜவ்வு, அதாவது குருத்தெலும்பு, திரும்ப வளந்துடும்னு அங்க இருந்த கவுன்சிலர் சொன்னாங்க. முட்டிக்கு மூணு ஊசின்னு பேக்கேஜ், 1,20,000 ரூபாய். 30,000 கையில கட்டினோம், மீதி இஎம்ஐ. முதல் ஊசி போட்டு 17 மாசம் ஆச்சு, வலி அப்படியே இருக்கு. இப்ப வேற ஆர்த்தோ டாக்டர் முட்டி மாத்தணும்னுட்டார். அந்த டாக்டரை ஜெயிலுக்கு அனுப்பணும், 20 லட்சம் நஷ்டஈடு வேணும், இஎம்ஐ-யும் நிறுத்தப் போறோம். என்ன பண்ணலாம்?

பதில்: உங்க மெயில் முழுசும் படிச்சேன்மா. ரெண்டு மணி நேரம் உக்கார வச்சது, டாக்டர் ஃபோனை எடுக்காதது, கவுன்சிலர் திமிரா பேசினது, உங்க வீட்டுக்காரர் நான் அப்பவே சொன்னேன்னு இன்னமும் குத்திக் காட்டறது, இது எதுவும் கேஸ்ல ஒரு வரி கூட வராது. தள்ளி வச்சிடுங்க.

ஊசி வேலை செய்யலங்கறதும் கேஸ் இல்ல. நிறைய பேருக்கு இது புரியறதில்ல. வைத்தியம் பலிக்கலன்னா அதுக்காக மட்டும் எந்த டாக்டரையும் பொறுப்பாக்க முடியாது. உங்க விஷயத்துல சட்டப்படி எடுபடற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: பணம் வாங்கறதுக்கு முன்னாடி உங்க கிட்ட என்ன சொன்னாங்க, அதைக் காட்ட உங்க கையில என்ன இருக்கு?

ஏன் இப்படிச் சொல்றேன்னா, ஊசி போட்டவர் எம்எஸ் ஆர்த்தோன்னு நீங்களே எழுதிருக்கீங்க (ஃபிசியோதெரபிஸ்ட்டோ டெக்னீஷியனோ போட்டிருந்தா கதையே வேற). சீழ் பிடிக்கல, காய்ச்சல் வரல, கால் வீங்கல. கையில ரத்தம் எடுத்து, மெஷின்ல சுத்தி, பிளேட்லெட் இருக்கற பாகத்தைப் பிரிச்சு மூட்டுக்குள்ள போட்டாங்க, அவ்வளவுதான், அதுல கைப்பிழைன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. அதனால அலட்சியம்னு எழுதி கேஸ் போட்டா, டாக்டர்கள்ல ஒரு சாரார் ஒத்துக்கிட்ட முறையைத்தான் நான் பண்ணேன்னு அவர் வந்து நிப்பாரு, போலம் டெஸ்ட்னு சொல்லுவாங்க, நம்ம கோர்ட்டுங்க இன்னமும் அதைத்தான் புடிச்சுட்டு இருக்கு. பிஆர்பி-யே ஃப்ராடுன்னு நீங்க வாதாடினா அவங்க பத்து ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்துப் போடுவாங்க. அமெரிக்க ஆர்த்தோ சர்ஜன்கள் சங்கம் 2021ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயே வலி குறையலாம்னு ஒரு வரி இருக்கு, ஆதாரம் பலமா இல்லன்னும் சேத்துத்தான் எழுதிருக்காங்க, ஆனா அவங்க வக்கீல் முதல் பாதியை மட்டும்தான் படிச்சுக் காட்டுவார்.

ஆனா ஜவ்வு திரும்ப வளரும்னு சொன்னாங்க பாருங்க, அங்கதான் அவங்க மாட்டறாங்க. ஆஸ்திரேலியாவுல ரெஸ்டோர்னு ஒரு ஆய்வு, 2021ல ஜாமா பத்திரிகையில வந்தது, 288 பேர், ஒரு பாதிக்கு பிஆர்பி, இன்னொரு பாதிக்கு வெறும் சலைன் தண்ணி, வாரம் ஒண்ணுன்னு மூணு ஊசி. ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா வலியிலயும் சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல, ஜவ்வு தேயறதும் குறையல. 2019லயே அமெரிக்க மூட்டுவாத டாக்டர்கள் சங்கம் முட்டித் தேய்மானத்துக்கு இதைப் போடாதீங்கன்னு அழுத்தமாவே சொல்லிருக்கு. இதெல்லாம் அலட்சியத்தை நிரூபிக்க உதவாது, சொன்ன வாக்கு பொய்னு காட்டத்தான் உதவும். பொய் வாக்கு கொடுத்துப் பணம் வாங்கறது நுகர்வோர் சட்டத்துல முறையற்ற வணிகம், விவரம் சொல்லாம சம்மதம் வாங்கறது சேவைக் குறைபாடு. கேஸை இந்த ரெண்டு கால்ல நிறுத்துங்க, மூணாவது கால் தேடாதீங்க.

சரி, அவங்க கையில என்ன இருக்கும்? கன்சென்ட் ஃபார்ம். இங்கிலீஷ்ல நாலு பக்கம், அதுல பலனுக்கு உத்தரவாதம் இல்லன்னு ஒரு வரி கண்டிப்பா இருக்கும், கீழ உங்க அம்மா கையெழுத்து. அம்மாவுக்கு தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்ங்கறது நல்ல பாயிண்ட்தான், அதை விட நல்ல பாயிண்ட் தேதி. பேக்கேஜ் பணம் கட்டின பில்லு என்ன தேதி, ஃபார்ம்ல என்ன தேதின்னு பாருங்க. முக்காவாசி இடத்துல பணத்தையும் லோனையும் முடிச்சுட்டு, ஊசி போடற அன்னிக்கு பெட்ல படுக்க வச்சுத்தான் கையெழுத்து வாங்குவாங்க. உத்தரவாதம் இல்லங்கறதை காசு வாங்கினப்புறம் சொன்னா அது சொன்னதாவே ஆகாதுன்னு வாதாட நல்லா இடம் இருக்கு. ரெக்கார்டு முழுசும் எழுத்துல கேளுங்க, கேட்ட 72 மணி நேரத்துல டாக்டர் தரணும்னு 2002 மெடிக்கல் கவுன்சில் விதி இருக்கு.

இனிமே சொல்றதைக் கொஞ்சம் நிதானமா படிங்க, நல்ல கேஸு கூட இங்கதான் நாசமாப் போகுது.

ஒவ்வொரு தடவை போறப்பவும் வலி எப்படி இருக்கு பாட்டி, பத்துக்கு எத்தனைன்னு நர்ஸ் பொண்ணு சிரிச்ச முகமா கேக்கும். நம்ம அம்மாக்கள் என்ன சொல்லுவாங்க? இவ்வளவு நல்லா பேசற புள்ளை மனசு நோகக் கூடாதேன்னு, பரவால்ல கண்ணு, கொஞ்சம் தேவலைன்னுடுவாங்க. அந்தப் பொண்ணு எட்டு இருந்த இடத்துல நாலுன்னு எழுதிக்கும். கீழ ஒரு கையெழுத்து. ஒரு வருஷம் கழிச்சு நுகர்வோர் கமிஷன்ல (நுகர்வோர் கோர்ட்டுதான்) அந்த ஷீட்டை எடுத்து வெப்பாங்க, வலி பாதியாக் குறைஞ்சுதுன்னு இவங்களே சொல்லிருக்காங்களேன்னு. என் கிட்ட வந்த ஒரு அம்மா வீட்டுல பாத்ரூம் போகவே சுவத்தைப் புடிச்சுட்டுத்தான் போவாங்க, ரெக்கார்டுல பாத்தா 70 பர்சென்ட் இம்ப்ரூவ்மெண்ட். மகன் என்னதான் சாட்சி சொன்னாலும் அந்தக் காகிதத்துக்கு முன்னாடி நிக்கல. அதனால ரெக்கார்டு வந்ததும் முதல்ல அந்த வலி மார்க் ஷீட்டைப் பாருங்க. அதுல குறைஞ்ச மாதிரி இருந்தா உங்க கேஸ் பாதி போச்சு, அதைத் தெரிஞ்சுக்கிட்டே பேசப் போங்க.

இதோட ஒட்டினதுதான் அடுத்தது. நீங்க சத்தம் போட ஆரம்பிச்ச உடனே, ஒரு பூஸ்டர் டோஸ் ஃப்ரீயா போட்டுத் தரோம் வாங்கன்னு கூப்பிடுவாங்க. போகாதீங்க. போனா புதுசா ஒரு ஃபார்ம், இந்தத் தடவை தமிழ்லயே அழகா பிரிண்ட் பண்ணி, எல்லாம் விளக்கிச் சொன்னாங்க, புரிஞ்சுதுன்னு கையெழுத்து வாங்குவாங்க. கூடவே முன்னாடி போட்ட சிகிச்சையில திருப்தின்னு ஒரு வரி. முன்னாடி பண்ண தப்பையெல்லாம் அந்த ஒரு காகிதத்தை வச்சே மூடிடுவாங்க.

ரீலை முதல்ல சேவ் பண்ணுங்க. வக்கீல் நோட்டீஸ் போன மறுநாள் அந்த ரீல் இருக்காது. பேஜ் பேரு, தேதி தெரியற மாதிரி ஸ்க்ரீன் ரெக்கார்டு எடுங்க. கவுன்சிலர் அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜ் எந்த ஃபோன்ல இருக்கோ அந்த ஃபோனை எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்ல போட்டுடாதீங்க, அதுவும் நடந்திருக்கு. நீங்க அனுப்பின வாய்ஸ் நோட்டு இருக்கே, பணம் வரலைன்னா யூடியூப்ல போட்டு நாறடிச்சுடுவேன்னு, இனிமே அப்படி ஒண்ணு கூட அனுப்பாதீங்க, மிரட்டிப் பணம் கேட்டாங்கன்னு அவங்க ஸ்டேஷனுக்குப் போனா நீங்கதான் பதில் சொல்லணும். உங்க தம்பி நேர்ல போய் ரெண்டு தட்டு தட்டறேன்னு சொன்னாருன்னு எழுதிருக்கீங்க. அவரை வீட்டுலயே வைங்க. ஆஸ்பத்திரியில கை வெச்சா நம்ம ஊர்ல 2008லேர்ந்தே தனிச் சட்டம், ஜாமீன்ல விட முடியாத குற்றம்.

இஎம்ஐ நிறுத்தாதீங்க. கோவம் புரியுது, ஆனா லோன் குடுத்த கம்பெனி கிட்ட நீங்க போட்டது தனி ஒப்பந்தம், அவங்க கிளினிக்குக்குப் பணத்தை அன்னிக்கே முழுசா அனுப்பிட்டாங்க. நீங்க நிறுத்தினா கிளினிக்குக்கு ஒரு பைசா நஷ்டம் இல்ல, உங்க சிபில் ஸ்கோர்தான் விழும், அப்புறம் பையன் படிப்பு லோனுக்குப் போறப்ப தெரியும். கட்டிக்கிட்டே வாங்க, கட்டினதை வட்டியோட சேத்துக் கேளுங்க.

ஜெயில் விஷயம்: ஜேக்கப் மேத்யூ வழக்குல 2005லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, மிகக் கடுமையான அலட்சியம் இருந்தாத்தான் கிரிமினல், அதுவும் வேற டாக்டர் கிட்ட போலீஸ் கருத்து வாங்கினப்புறம்தான். உங்க கேஸ் அது கிட்டயே வராது. மெடிக்கல் கவுன்சிலுக்கு எழுதலாம், எழுதினா அவர் மேல விசாரணை வரலாம், பணம் வராது.

20 லட்சம்? எங்கேர்ந்து வந்தது அந்த நம்பர்? முட்டி மாத்தற செலவையும் அதுல போட்டிருக்கீங்க, ஆனா அந்த ஆபரேஷன் ஊசியால வரல, தேய்மானத்தால வந்தது, ஊசி போடறதுக்கு முன்னாடி எடுத்த எக்ஸ்ரேலயே கடைசி கிரேடுன்னு இருக்குன்னு நீங்களே அனுப்பிருக்கீங்க. சமீரா கோலி வழக்கு தெரியுமா, சம்மதம்னா என்னன்னு உச்ச நீதிமன்றம் 2008ல விளக்கமா எழுதின தீர்ப்பு அது. சும்மா பரிசோதனைக்குன்னு மயக்கம் குடுத்த பொண்ணுக்கு சம்மதம் இல்லாம கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துட்டாங்க. அதுக்கே கடைசியில கிடைச்சது, டாக்டர் ஆபரேஷன் ஃபீஸ் வாங்கக் கூடாது, கூட 25,000 ரூபாய். அந்த அளவுகோலைப் பாத்துட்டு உங்க நம்பரை எழுதுங்க. சிகிச்சைக்கு நீங்க குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருக்கறதால மாவட்ட கமிஷன்ல ஃபீஸும் கிடையாது, பெருசாக் கேட்டாத்தான் பயப்படுவாங்கன்னு நினைக்காதீங்க, பெருசாக் கேட்டா அவங்க இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் உள்ள வந்துடுவார், அப்புறம் கிளினிக்காரர் நினைச்சாலும் சமாதானம் பேச முடியாது.

அதனால வெளிப்படையாவே சொல்லிடறேன், செட்டில் பண்ணிக்கங்க. சட்டத்துல 3 மாசத்துல முடிக்கணும்னு இருக்கு, சிரிக்காதீங்க, நடைமுறையில வருஷக் கணக்கு. முழுப் பணம் 1,20,000-மும் லோன் வட்டியும் கேளுங்க, வட்டியை விட்டுக் குடுத்தா முடியும்னா விட்டுடுங்க. ஆனா செட்டில்மெண்டுலயும் ரெண்டு குழி இருக்கு. ஒண்ணு, அடுத்த மாசம் பாத்துக்கலாம், பார்ட்னர் வெளிநாட்டுலேர்ந்து வரட்டும்னு இழுத்துட்டே போவாங்க. நுகர்வோர் வழக்குக்கு கெடு 2 வருஷம். நோட்டீஸ் அனுப்பினாலும் பேச்சுவார்த்தை நடந்தாலும் அந்தக் கெடு நிக்காது, லேட்டுக்குக் காரணம் கேட்டா, பேசிட்டு இருந்தோம்னு சொன்னா பெரும்பாலும் எடுபடாது. எந்த நாள்லேர்ந்து எண்றதுன்னு சண்டை வரும், நீங்க முதல் ஊசி தேதின்னே வச்சுக்கங்க. 17 மாசம் போச்சு, 7 மாசம்தான் பாக்கி. 22வது மாசம் முடிய ஒத்து வரலைன்னா பேசறதை நிறுத்தாம கேஸை ஃபைல் பண்ணிடுங்க, ஃபைல் ஆனப்புறமும் பேசலாம்.

ரெண்டாவது, வவுச்சர். 40,000-த்தை நீட்டி ஒரு காகிதத்துல கையெழுத்து கேப்பாங்க. முழுத் தொகையும் அக்கவுண்டுல ஏறினப்புறம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லன்னு கையெழுத்துப் போடுங்க, தப்பில்ல. சிகிச்சையில திருப்தி, நல்லெண்ணத்துல திருப்பித் தராங்கன்னு இருந்தா அந்த வரியை அடிச்சுட்டுப் போடுங்க. பின்தேதி போட்ட செக் வேண்டவே வேண்டாம், அது திரும்பினா உங்களுக்கு இன்னொரு கேஸ். லோன் பாக்கி இருந்தா கிளினிக்கே நேரா லோன் கம்பெனிக்குக் கட்டி, என்ஓசி (லோன் பாக்கி இல்லங்கற சான்று) உங்க பேருக்கு வாங்கித் தரணும்னு அதே காகிதத்துல எழுதுங்க.

அம்மா ஆபரேஷனை கேஸுக்காகத் தள்ளிப் போட வேண்டாம். ஆனா பண்றதுக்கு முன்னாடி நிக்க வச்சு எடுத்த எக்ஸ்ரே, சிடியோட வாங்கிக்கங்க, இப்பப் பாக்கற ஆர்த்தோ கிட்ட ஒரு லெட்டர் கேளுங்க. பழைய டாக்டர் தப்புப் பண்ணார்னு எழுதச் சொல்லாதீங்க, எழுத மாட்டார், கேட்டீங்கன்னா அந்த லெட்டரும் போயிடும். ஊசிக்கு முன்னாடி எக்ஸ்ரேல என்ன கிரேடு, இப்ப என்ன கிரேடு, ஜவ்வு வளந்ததுக்கு அடையாளம் ஏதாவது தெரியுதா, இந்த மூணை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்க.