பழைய புல்லட் இன்ஜினில் வெள்ளை பூத்த அலுமினியத்தை எப்படிச் சுத்தம் செய்வது?

ஷெட்டில் பல வருஷம் நின்ற பழைய புல்லட் 350, இன்ஜின் முழுக்க வெள்ளைப் பொடி, எதைப் போட்டுத் தேய்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எதைப் போடக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே அரித்துக் கறுக்க வைத்துவிடும். ஆசிட்டும் வேண்டாம். இந்த இன்ஜினில் மேலே உள்ள ஹெட்டும், அடியில் உள்ள கிராங்க்கேஸ் என்ற பெட்டியும், அதன் பக்கக் கவர்களும்தான் அலுமினியம், நடுவில் பிஸ்டன் ஓடும் பேரல் வார்ப்பிரும்பு. ஆசிட் வழிந்தால் பேரல் துருப்பிடிக்கும்.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கார்புரேட்டர் வாயை அடைத்துவிட்டு, மண்ணெண்ணெய் தொட்டு பிரஷ்ஷால் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர விடுங்கள்.

உழைப்பு முழுக்க வலப்பக்க டைமிங் கவரிலும் இடப்பக்க செயின் கவரிலும்தான். கழற்றித் தேய்ப்பது நல்லது. அரிப்புக் குழி இருந்தால் 400 நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்; நம்பர் கூடக்கூட நைஸ்) ஆரம்பித்து 800, 1200, 2000 என்று போங்கள். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள். முந்தைய கோடு மறைந்ததா என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அவசரப்பட்டால் 400-இன் கீறல் பாலிஷுக்கு அடியிலும் வெயிலில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். கடைசியில் மெட்டல் பாலிஷ். துணி கன்னங்கரேல் என்று ஆகும், பயப்படாதீர்கள். உரசி வரும் நுண்துகள்தான் அது.

கிராங்க்கேஸும் ஹெட்டும் சொரசொரப்பாகவே வார்க்கப்பட்டவை. அவற்றைப் பளபளக்க வைத்தால் வண்டியின் அசல் முகமே போய்விடும். பித்தளை பிரஷ் போதும். இரும்பு பிரஷ்ஷின் துகள் பதிந்தால் அந்த இடத்தில் துருக்கறை வரும். இன்ஜினைப் பிரிக்காமல் சாண்ட் பிளாஸ்டிங் மட்டும் செய்துவிடாதீர்கள். மணல் ஆயில் பாதையில் புகுந்தால் பேரிங் போச்சு.

பாலிஷ் செய்த கவர்களுக்கு மேல் லேசாக மெழுகு பூசுங்கள், ஹெட்டுக்கு வேண்டாம். அந்தச் சூட்டில் கருகிவிடும்.