சூறைக்காற்றில் அடிபட்ட வெந்நீர்த் தொட்டி

கேள்வி: ஆனைமலை அருகே தென்னந்தோப்பில் உள்ள எங்கள் சாளையின் முற்றத்தில், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மகன் குடும்பத்துக்காக அக்ரிலிக் வெந்நீர்த் தொட்டி ஒன்றை அமைத்திருக்கிறோம். சென்ற வாரக் கோடை மழையில் அடித்த சூறைக்காற்றில், மட்டைகளும் ஒரு குலையும் அதன்மேல் விழுந்து மூடி கிழிந்துவிட்டது. உள்ளே செம்மண் கலங்கிய நீர் நிற்கிறது. இடியும் பலமாக இருந்தது. மோட்டார் ஓடுகிறதா என்று ஒருமுறை சுவிட்சைப் போட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், ஆனைமலை

பதில்: போடாதீர்கள், ஐயா. காற்று செய்த சேதத்தைவிட, இப்படிப் போட்டுப் பார்ப்பதால் வரும் சேதம் பெரிதாகிவிடக்கூடும். பம்புக்குள் ஏறிய சேறு, நீர் கசியாமல் காக்கும் சீல் வளையத்தைத் தின்றுவிடும். நீர் ஓடாத ஹீட்டர் கருகிவிடும். மெயினை அணைத்துவிட்டு, எதையும் துடைப்பதற்கு முன்பே, விழுந்த குலை கிடக்கும் நிலையிலேயே நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் கிரிஹ ரக்ஷா வீட்டுக் காப்பீட்டில் புயலும் மின்னலும் அடங்கும் என்பதால், அந்தப் பாலிசி உங்களிடம் இருந்தால் இந்தப் படங்கள் கைகொடுக்கும்.

அடுத்து பக்கப் பலகையைக் கழற்றி, உள்ளே செம்மண் எவ்வளவு உயரத்துக்குக் கோடு போட்டிருக்கிறது என்று பாருங்கள். கோடு மோட்டாருக்குக் கீழே நின்றிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மோட்டாரைத் தொட்டிருந்தால், உரிமம் பெற்ற வயர்மேன் 500 வோல்ட் மெக்கர் (மின்காப்பு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கருவி) வைத்து அளந்து, 1 மெகாஓமுக்குக் குறைவாகக் காட்டும் எதற்கும் மின் இணைப்புத் தரக்கூடாது. கண்ட்ரோல் போர்டில் கருகிய வாடையோ, வெடித்த வேரிஸ்டரோ (திடீர் மின்னழுத்தத்தைத் தாங்கும் சிறு பாகம்) தெரிந்தால் அது மின்னலின் வேலையாக இருக்கலாம். போர்டை மாற்றுவதே நல்லது. தொட்டிக்கான 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வேலை செய்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

குலை விழுந்த இடத்தில் இருப்பது கீறலா, விரிசலா என்பது கண்ணுக்குத் தெரியாது. நல்ல நீர் நிரப்பி, அலை அடங்கிய பின், சந்தேகமான கோட்டின் அருகே சொட்டு நீலம் ஒரு துளி விடுங்கள். நீலம் அப்படியே மிதந்து கலைந்தால் அது வெறும் கீறல், நூல்போல உள்ளே இழுபட்டால் விரிசல். மெல்லிய கசிவைப் பிடிக்க, பக்கத்தில் ஒரு பக்கெட் நீரை வைத்து இரண்டிலும் மட்டத்தைக் குறித்து ஒரு நாள் விடுங்கள். வெயில் குடிப்பது இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், தொட்டியில் கூடுதலாக இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

ஆனால் நிரப்பும் முன்பே தளத்தை ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட வேண்டும். 1,200 லிட்டர் என்றால் 1.2 டன், மழை அடிமண்ணை அரித்திருந்தால், குலைக்குத் தப்பிய தொட்டியை அந்தப் பாரமே பிளந்துவிடும். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மூடியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்: உள்ளே இருக்கும் நுரை நீர் குடித்துக் கனத்துவிட்டால் வெப்பத்தையும் காக்காது, காய்ந்தும் வராது. புதிதாக வாங்குங்கள். கடைசியில் குளோரின் 3 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) குறையாமலும், பிஎச் 7.2 முதல் 7.8 வரையிலும், வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாமலும் பார்த்துக்கொண்டால் பேரப்பிள்ளைகளின் பெற்றோர் இறங்கலாம். குழந்தைகளுக்கு அந்தச் சூடு ஆகாது. குலை விழுந்த அந்த ஒரு தென்னையை வெட்ட வேண்டியதில்லை. காய் பறிக்க ஆள் வரும்போதெல்லாம் காய்ந்த மட்டையையும் சேர்த்து இறக்கச் சொல்லுங்கள்.