வலசைப் பறவைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பறவை விழா எப்போது நடக்கும்? எந்த நேரத்துக்குப் போனால் நல்லது?

உலக வலசைப் பறவைகள் நாள் ஆண்டுக்கு இருமுறை வரும்: மே, அக்டோபர் மாதங்களின் இரண்டாவது சனிக்கிழமை. பல விழாக்கள் அதையொட்டியே நடக்கின்றன. தேதியைவிட நேரம் முக்கியம். காட்டுப் பறவைகளுக்கு, விடிந்ததும் முதல் இரண்டு மணி நேரம். கழிமுகத்துக்குப் போவதானால் ஓத (கடல் நீர் ஏறி இறங்கும் நேர) அட்டவணையைப் பாருங்கள். உயர் ஓதத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு சேறு மூழ்க மூழ்க, பறவைகள் தாமாகவே கரைப்பக்கம் ஒதுங்கும்.

புது பைனாகுலரில் பார்த்தால் தலை வலிக்கிறதே?

பெரும்பாலும் வலக்கண் வளையத்தை (வலக்கண்ணுக்கு மட்டும் தெளிவைச் சரிசெய்யும் வளையம்) சரிசெய்யாததுதான் காரணம். வலப்பக்க முன்லென்ஸை மூடிக்கொண்டு, தொலைவிலுள்ள ஒரு பெயர்ப்பலகையை நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்குவளையை முழுக்க இறக்கிவிட வேண்டும். இனிமேல் வாங்கப்போகிறவர்களுக்கு 8 × 42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ.) போதும். பத்து மடங்கில் கைநடுக்கம் கூடுதலாகத் தெரியும்; பார்வைப் பரப்பும் குறுகும்.

கரைப்பறவைகளைப் படமெடுக்க எவ்வளவு கிட்டப் போகலாம்?

இத்தனை மீட்டர் என்று சொல்ல முடியாது, பறவையே சொல்லும். இரை தேடுவதை நிறுத்தித் தலை தூக்கிப் பார்த்தால் அங்கேயே நில்லுங்கள். கழுத்தை நீட்டி நகரத் தொடங்கினால் பின்வாங்குங்கள். அடுத்தது பறத்தல்தான். கும்பலாகப் போனால் ஒரே பக்கம் சேர்ந்து நில்லுங்கள், வளைத்துக்கொள்ள வேண்டாம்.

2022-இல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையின் இளம் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு, எங்கும் இறங்காமல் சுமார் 13,560 கி.மீ. பறந்தது. அதற்கான எரிபொருள் உடலில் சேர்த்த கொழுப்புதான். நாம் ஒருமுறை எழுப்பிவிட்டால் அந்தச் சேமிப்பு கரைகிறது, தின்னும் நேரமும் போகிறது. உயர் ஓதத்தில் கூட்டமாக ஓய்வெடுக்கும்போது எழுப்புவது இன்னும் மோசம். ஒதுங்க வேறு இடம் அப்போது கிடைக்காது. ஒரு நல்ல படத்துக்காக இதைச் செய்யவே கூடாது.

ஜன்னலில் பருந்து ஸ்டிக்கர் ஒட்டியும் பறவைகள் மோதுகின்றன. என்ன செய்வது?

ஒற்றை ஸ்டிக்கர் பயன்படாது. பறவைகள் அதை விட்டு விலகி, வானமும் மரமும் தெரியும் வெற்றுக் கண்ணாடியில் மோதிக்கொள்ளும். கண்ணாடி முழுவதும் புள்ளிகள் வேண்டும். ஒவ்வொன்றும் குறைந்தது 6 மி.மீ. அகலம், எந்தப் பக்கமும் இடைவெளி 5 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. வெளிப்பக்கம் ஒட்டுங்கள், உள்ளே ஒட்டினால் பிரதிபலிப்பு மறைத்துவிடும். சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் வலசை போகும், வெளிச்சம் அவற்றைத் திசைமாற்றி இழுக்கும். ஆகவே வலசைக் காலத்தில் இரவு 11 முதல் காலை 6 வரை தேவையற்ற விளக்குகளை அணையுங்கள்.

மோதி விழுந்த பறவையைக் காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, அமைதியான இடத்தில் வையுங்கள். தண்ணீர் புகட்டாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உள்காயம் வெளியே தெரியாது. பறவை மீட்பு மையத்தில் காட்டுவதே நல்லது.

பெருங்கூட்டத்தை எண்ணி இபேர்டில் (eBird, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளம்) பதிவது எப்படி?

நெருக்கம் நடுத்தரமாக உள்ள பகுதியில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்த அளவைக் கண்ணில் வாங்கிக்கொண்டு கூட்டம் முழுவதையும் பத்துப் பத்தாக அளந்துவாருங்கள். ‘இருந்தது’ என்று மட்டும் குறிப்பதைவிட உத்தேச எண்ணிக்கை மேல். தொடங்கிய நேரம், ஆன நேரம், நடந்த தூரம் மூன்றையும் பதியுங்கள். அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் சேர்த்தால்தான் அது முழுப் பட்டியல். எது வரவில்லை என்பது அப்போதுதான் தெரியவரும். கூடு இருக்கும் இடத்தை மட்டும் குறிப்பில் எழுத வேண்டாம்.