88 சதவீதப் பள்ளியா, 80 சதவீதப் பள்ளியா?

கேள்வி: என் மகள் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க, எட்டும் தூரத்தில் இரண்டு அரசு மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. கடைவீதிப் பள்ளியில் சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 88 சதவீதம். புறவழிச்சாலையை ஒட்டிய பள்ளியில் 80. இரண்டாவதில் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் அதிகம் என்பதால் அங்கே சேர்க்க வேண்டாம் என்கிறார்கள் உறவினர்கள். ஆனால் அங்கேதான் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். எதை நம்புவது?
- ஒரு தாய், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அம்மா, அந்த 80 என்ற எண்ணும் நீங்கள் கேள்விப்பட்ட செய்தியும் சேர்ந்தே உண்மையாக இருக்க முடியும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

இரு பள்ளிகளிலும் நூறு பேர் தேர்வு எழுதினார்கள் என்று கொள்ளுங்கள். கடைவீதிப் பள்ளியில் 80 பேர் படித்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள். 20 பேர் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். 80 பேரில் 76 பேரும், 20 பேரில் 12 பேரும் தேறினால் மொத்தம் 88. சாலைப் பள்ளியில் நிலைமை தலைகீழ்: படித்த வீட்டுப் பிள்ளைகள் 20, முதல் தலைமுறையினர் 80. அந்த 20 பேருமே தேறி, 80 பேரில் 60 பேர் தேறினால் மொத்தம் 80. இனி ஒவ்வொரு வகையாகப் பாருங்கள். படித்த வீட்டுப் பிள்ளைகளில் அங்கே 95 சதவீதம், இங்கே 100. முதல் தலைமுறையினரில் அங்கே 60, இங்கே 75. இரண்டு வகையிலும் முந்துவது சாலைப் பள்ளிதான். மொத்தமாகக் கூட்டும்போது மட்டும் அது பின்தங்கித் தெரிகிறது. கையில் எழுதிக் கூட்டிப் பாருங்கள், உறவினர்களுக்கும் காட்டுங்கள்.

உங்கள் ஊரில் இப்படித்தான் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. யார் படிக்கிறார்கள் என்று தெரியாமல் எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்த்தால், பள்ளியின் உழைப்பையும் வீட்டின் வசதியையும் ஒன்றாகப் போட்டு எடைபோடுகிறோம். விடியற்காலையில் தம்பியைக் குளிப்பாட்டிவிட்டு வரும் பிள்ளையை 35 மதிப்பெண்ணுக்குக் கொண்டுவர ஓர் ஆசிரியர் படும் பாடு அந்த 80இல் எங்கும் தெரியாது.

அடுத்து, எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்பது. 25 பேர் மட்டும் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினாலே 4 சதவீதம் இறங்கிவிடும். அதனால் ஓர் ஆண்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். மூன்று ஆண்டு தேர்ச்சியைக் கேளுங்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது ஒன்பதாம் வகுப்பைப் பற்றி. தமிழ்நாட்டில் எட்டு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. பத்தில் நல்ல சதவீதம் காட்ட வேண்டும் என்ற நெருக்கடியில், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை ஒன்பதிலேயே நிறுத்துவதும், மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து வேறு இடம் பார்க்கச் சொல்வதும் சில பள்ளிகளில் நடக்கின்றன. இது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: முந்தைய கல்வியாண்டில் ஒன்பதில் எத்தனை பேர் இருந்தார்கள், மறு ஆண்டு பத்தில் எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள்? 120 பேர் 95 ஆகியிருந்தால், அந்த 25 பேர் எங்கே என்று தயங்காமல் கேளுங்கள். வகுப்புவாரியான சேர்க்கை எண்ணிக்கை மத்திய அரசின் பள்ளிப் புள்ளிவிவர இணையதளமான யூடைஸ் பிளஸ்ஸிலும் கிடைக்கும். அங்கே ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள 11 இலக்க எண்ணை வைத்துத் தேடலாம்.

பாட ஆசிரியர் பணியிடங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்பது தேர்ச்சி சதவீதத்தைவிட முக்கியம் என்பேன். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் உண்டா? பிளஸ் ஒன்னில் என்னென்ன பாடப்பிரிவுகள் நடக்கின்றன? மகள் உயிரியல் படிக்க ஆசைப்பட்டு, பள்ளியில் அந்தப் பிரிவே இல்லையென்றால் இரண்டு ஆண்டில் மறுபடி அலைய வேண்டும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. மகள் இப்போது படிப்பதும் அரசுப் பள்ளி என்றால், இந்த இரண்டில் எதில் சேர்ந்தாலும் அந்த உரிமை போகாது. இடையில் உதவிபெறும் பள்ளிக்கு மாற்றினால் போய்விடும்.

உறவினர்கள் சொன்னதற்கு வருகிறேன். "அங்கே படிக்கும் பிள்ளைகள்" என்று நம் ஊர்களில் குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது, அதற்குள் பெரும்பாலும் சாதி இருக்கிறது. சூளைத் தொழிலாளியின் மகள் பக்கத்தில் உட்கார்ந்தால் உங்கள் மகளின் படிப்பு கெடாது. பள்ளி பிள்ளைகளைப் பிரித்து வைத்தால்தான் கெடும். 2023இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழுவை அமைத்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. ஆகவே பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று, பிள்ளைகளின் மணிக்கட்டைப் பாருங்கள். யார் யாரோடு சேர்ந்து வெளியே வருகிறார்கள் என்று கவனியுங்கள்.

இரண்டு பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அந்தத் தாய்மார்களில் இருவரிடம் பேசினால், தலைமை ஆசிரியர் சொல்லத் தயங்குவதும் தெரிந்துவிடும்.

சாலைப் பள்ளியில் ஒன்பதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பத்தையும் எழுதியிருந்து, கணித, அறிவியல் ஆசிரியர்களும் இருந்தால், நான் என் பேத்தியை அங்கேதான் சேர்ப்பேன். மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து அவள் வீடு திரும்ப பஸ் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.